அழுகை கேட்காத ஹெட்போன்

"இதுலயும் கேக்குதுங்க," என்று சொல்லி, அந்தப் பெண் பெட்டியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

ஹெட்போன் பிரிவில் நின்றிருந்த விற்பனைப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரத்துக்குள் இவள் வருவது இது மூன்றாவது முறை. முதலில் இயர்பட்ஸ் வாங்கிப் போனாள். பாட்டுக் கேட்க இல்லை, வெளிச்சத்தம் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான் என்றாள். ரப்பர் நுனிகளை மூன்று அளவிலும் மாட்டிப் பார்த்துப் பொருத்திக் கொடுத்து அனுப்பினால், நான்காம் நாள் வந்து நின்றாள். அதை மாற்றிக் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனாக விற்பனைப் பெண் கொடுத்தாள். இப்போது அதுவும் திரும்பி வந்துவிட்டது. பிரித்த பெட்டியை யார் தலையில் கட்டுவது என்று மேனேஜர் போன தடவையே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

விற்பனைப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். வந்தவள் மெதுவாக உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். நன்றாகத் தூங்கிப் பல நாளான முகம்.

"என்ன சத்தம்னு சொன்னாத்தானே மேடம், சரியானதை எடுத்துத் தர முடியும்? ரோட்டுச் சத்தமா?"

வந்தவள் கொஞ்சம் தயங்கினாள். "மேல்வீட்ல ஒரு கைக்குழந்தை இருக்கு. அது அழற சத்தம்."

அந்த நிமிடமே விற்பனைப் பெண்ணுக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. காரணம் இருந்தது. அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பல் முளைக்கிற சமயம், விடாமல் அழுகிறது. கீழ்வீட்டுக்காரர் வீட்டு உரிமையாளரிடம் போய்ப் புகார் சொன்னதில், இந்த மாதக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் உரிமையாளர். குழந்தை இருக்கிறது என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களில் ஒருத்தி, இதோ, எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

இருந்தாலும் வேலை வேலைதான். ஃபேன், ஏசி, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலைத்தான் இந்தக் கருவிகள் நன்றாக அடக்கும் என்றும், ஏறி இறங்கும் அழுகை எப்படியும் கொஞ்சம் கசியும் என்றும் விளக்கினாள். கடையில் இருப்பதிலேயே உயர்ந்த ரகத்தை எடுத்து அவள் காதில் மாட்டி, உள்ளே மழைச் சத்தத்தை ஓடவிட்டாள். பிறகு தன் போனைத் தேடி, டாக்டரிடம் காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த வீடியோவைப் போட்டாள். அதில் அவள் மகள் அழுதாள்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. வந்தவள் ஹெட்போனைப் பிடுங்கி எடுத்தாள். தோளில் கிடந்த சால்வையை இரண்டு கையாலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"போதுங்க. நிறுத்திடுங்க."

என் பிள்ளையின் குரல் அவ்வளவு நாராசமாகவா இருக்கிறது என்று நினைத்தாள் விற்பனைப் பெண். போனைச் சட்டென்று பைக்குள் போட்டாள். மேல்வீட்டில் சொல்லிப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்டாள். ஐயோ, வேண்டாம், அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை என்றாள் வந்தவள். ஜன்னலை அடைத்துப் பார்த்தாகிவிட்டது. சமையலறையில் போய் உட்கார்ந்தும் பார்த்தாகிவிட்டது. வீட்டை மாற்றலாம் என்று கணவர் சொல்கிறார், ஆனால் சாமான் கட்ட இப்போது உடம்பில் தெம்பில்லை. காலையில் ஆறு மணிக்கு அழும், பத்து மணிக்கு அழும், ஒன்றரைக்கு அழும், அப்புறம் விளக்கு வைக்கும் நேரத்தில் நீளமாக ஒருமுறை அழும் என்று மனப்பாடமாக ஒப்பித்தாள்.

இதையெல்லாமா கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள்? தன் கீழ்வீட்டுக்காரரும் இப்படித்தான் மணி பார்த்துக் குறித்து வைத்திருப்பார் என்று தோன்றியது. அதற்குமேல் விற்பனைப் பெண்ணால் வாயை அடக்க முடியவில்லை. மேனேஜர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"குழந்தைன்னா அழத்தான் மேடம் செய்யும். வேற எப்படிப் பேசும் அது? உங்களுக்குன்னு ஒண்ணு பொறந்தா அப்பத் தெரியும்."

வந்தவள் கோபப்படவில்லை. உயர்ரக ஹெட்போனைப் பார்த்து, இதையே கொடுத்துவிடுங்கள், கொஞ்சமாவது குறையும் அல்லவா என்றாள். விற்பனைப் பெண் பில் புத்தகத்தை இழுத்தாள். எழுதத் தொடங்கும்போது வந்தவள் மெல்லிய குரலில் பேசினாள்.

"பொறந்தான்ங்க. பதினோரு நாள் இருந்தான்."

பேனா நின்றது.

"அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவே இல்லைங்க. மேல்வீட்டுக் குழந்தை அழுதாப் போதும், எனக்குப் பால் சுரந்து துணியெல்லாம் நனைஞ்சிடுது. அவன் இல்லைங்கறது இந்த உடம்புக்கு இன்னும் தெரியல."