கொப்பு வெட்டினது ஆரு?

"மரம் சபையிட சொத்து. அது நிக்கிற நிலம் றோட்டுக் கந்தோர்ட. கொப்பு முட்டுற கம்பி கரண்டுக் கந்தோர்ட. மூண்டு பேரும் ஒப்பம் வைச்சாத்தான் வெட்டலாம், அல்பேட் அண்ணன்."

மேசைக்கு அங்கால இருந்து ஜெயந்தன் சொல்லுறார். எங்கட பிரதேச சபையில தெரு மரங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். நான் கடிதத்தோட இந்தக் கந்தோர்ப் படி ஏறினது இது ஒன்பதாந்தரம்.

"அப்ப, கொப்பு விழுந்து சாகிற புள்ள ஆருட, சேர்?"

மனிசன் பேனையை உருட்டிக்கொண்டு இருந்தார்.

எனக்கு விசர் வந்துட்டு. வராதா பின்ன?

வாவிக்கரை றோட்டில நிக்கிற நாவல் மரம் அது. ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் நீட்டுக்கு மதில். மட்டக்களப்புக்குப் போற பள்ளிக்கூட வேன் அந்த மரத்தடியிலதான் நிக்கும். பதினைஞ்சு புள்ளையள். அதில ஒண்டு என்ட மகள் டினோஷா. அதுகள்ற தலைக்கு நேர மேல பெரிய கொப்பு ஒண்டு அடியில வெடிச்சுத் தொங்குது. திங்கள் தொடக்கம் பலத்த காற்று எண்டு றேடியோக்காரன் வேற கத்துறான்.

"உங்களுக்கு ஒரு புள்ள குட்டி இருந்தா இப்படிக் குந்திக்கொண்டு இருப்பீங்களா?" எண்டு கந்தோரே கேக்கக் கத்திப்போட்டு வந்துட்டன்.

அவருக்குக் கலியாணமாகி எட்டு வருசம், புள்ள இல்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னன். அவ்வளவு கோவம்.

வீட்ட வந்தா பெண்சாதி றெபேக்கா தொடங்கிட்டா.

"தச்சு வேலைக்காரன்தானே நீங்க? வாள் சுவரில தொங்குது. ஏறி வெட்டினா என்ன?"

"சபை மரத்தில கை வைச்சா வழக்குப் போடுவாங்கள். உனக்கென்ன, வாயால சொல்லிப்போடுவாய்!"

சனி ராத்திரி எனக்கு நித்திரையே இல்ல. ஓலை அசைஞ்சாலும் எழும்பி யன்னலால பார்க்கிறன்.

ஞாயிறு தெருவே அந்தோனியார் கோயிலுக்குப் பூசைக்குப் போச்சு. நான் வழக்கம்போலப் பிந்தித்தான் போனன். பூசை முடிஞ்சு எல்லாரும் திரும்பி வந்தா, ஐயோ ஆண்டவரே, மரத்தில கொப்பைக் காணல்ல! துண்டு துண்டா அறுத்து மதிலோரம் அடுக்கிக் கிடக்கு.

டினோஷா துள்ளிக் குதிச்சா. றெபேக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

"நீங்களா வெட்டின? பிந்தித்தானே வந்தீங்க?"

"போடி விசரி. நான் இல்ல."

திங்கள் காலம எட்டு மணி. காற்று தொடங்கிட்டு. புள்ளையள் அந்த மரத்தடியில நிண்டு வேன் ஏறிப் போயிட்டுதுகள். ஒன்பது கடிதத்துக்கு வராத சபை ஜீப், இப்ப கூப்பிடாமலே வந்து நிக்குது. செயலாளர் இறங்கினார். பின்னால பைலோட ஜெயந்தன்.

"அரச சொத்து இது! அனுமதி இல்லாம வெட்டினவன் ஆரு? வழக்குப் போடாம விடமாட்டன்!"

சனமெல்லாம் என்னைப் பார்க்குது. பார்க்காம என்ன செய்யும்? கடிதம் ஒன்பதும் என்ட. ஊரில இருக்கிற நல்ல வாளும் என்ட.

"சேர், அந்தோனியாராணை நான் வெட்டல்ல!"

கோட்டுக்கு அலையத் தொடங்கினா தச்சுக் கொட்டிலைப் பூட்டிப்போட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

"இவன்ட வாக்குமூலத்தை எழுதுங்க ஜெயந்தன்" எண்டுட்டு, செயலாளர் மரத்தைப் படம் பிடிக்கப் போனார்.

ஜெயந்தன் கிட்ட வந்தார். நான் கந்தோரில சொன்ன சொல்லுக்கு இண்டைக்கு வட்டியும் முதலுமாத் தரப்போறார் எண்டுதான் நினைச்சன்.

"நீங்க வெட்டல்ல எண்டு எனக்குத் தெரியும், அண்ணன்."

"எப்படித் தெரியும்?"

அங்கால இங்கால பார்த்தார். நீட்டுச் சேட்டுக் கையை முழங்கை வரைக்கும் மேல இழுத்துவிட்டார். கை முழுக்கச் சிவப்புச் சிவப்பாத் தடிச்சு வீங்கிக் கிடக்கு.

"அந்த மரத்தில இவ்வளவு முசுறு எறும்பு கிடக்கு எண்டு ஏறின பிறகுதான் தெரியும். பிச்சுத் திண்டுட்டுது."

நான் அந்தக் கையையும் மதிலோரம் அடுக்கிக் கிடந்த கொப்பையும் மாறி மாறிப் பார்த்தன்.

"மூண்டு ஒப்பத்தில ஒண்டுதான் இதுவரைக்கும் கிடைச்சது. நானும் எத்தினை தரம் போய்க் கேக்கிற? காற்று அதுக்காக நிக்காதே." சேட்டுக் கையை இறக்கிவிட்டார். "ஒள்ளம் பொறுங்க. செயலாளரிட்டச் சொல்லிட்டு வாறன்."

"சொன்னா என்ன செய்வார்?"

"வேலை போகும். அதுக்காக உங்கட தலையில கட்டிவிட ஏலுமா?"

கிறுகி ஜீப் பக்கம் நடக்கத் தொடங்கிட்டார். வெக்கத்தில நான் நிண்ட நிலையிலேயே செத்துப்போனன். இந்த மனிசனையா நான் அந்தக் கேள்வி கேட்டன்?

"சேர்!" எண்டு போட்டன் ஒரு சத்தம். செயலாளர் திரும்பினார். "நான்தான் வெட்டினன்! வாள் வீட்டில கிடக்கு, வந்து பாருங்க!"

"இப்பத்தானே அந்தோனியார் மேல ஆணை வைச்சாய்?"

"பொய்ச் சத்தியம், சேர். அதை நான் கோயில் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லிக்கொள்ளுறன்."

ஓடிப்போய் ஜெயந்தனுக்கு முன்னால நிண்டன். மனிசன் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவர்ட பைலில கிடந்த பேனையை எடுத்து அவர்ட கையிலேயே திணிச்சன்.

"எழுதுங்க தம்பி. வெட்டினது அல்பேட் எண்டு வடிவா எழுதுங்க."