சைஸ் மாற்ற வந்தவர்

“சட்டை வாங்கினது உங்க வீட்டம்மா. அவங்க போனுக்குப் போன ஓடிபியைச் சொன்னாதான் சைஸ் மாத்த முடியும், சார்” என்றாள் கவுன்ட்டர் பெண்.

“என் நம்பருக்கு அனுப்பேன்மா.”

“சிஸ்டம் ஒத்துக்காது. ஒரு போன் போட்டு அவங்களையே கேளுங்களேன்!”

பின்னால் வரிசை முணுமுணுத்தது. பழக்க தோஷத்தில் அவர் விரல் அழைத்துவிட்டது. சட்டை இருந்த பைக்குள்ளேயே மணி அடித்தது.

அவள் சிரித்துவிட்டாள். “அவங்க போனையும் தூக்கிட்டு வந்துட்டீங்களா? வீட்டுக்குப் போனதும் நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறீங்க!”

அவர் அதை வெளியே எடுத்தார். கண்ணாடி நொறுங்கியிருந்தது.

“இறுக்குதுன்னு எரிஞ்சு விழுந்தேன்மா. இதை மாத்தத்தான் அவசரமா ரோட்டைத் தாண்டியிருக்கா. ஆஸ்பத்திரியில போனையும் சட்டையையும்தான் திருப்பிக் குடுத்தாங்க.”

விரிசலுக்கு அடியில், மனைவி அவருக்கு வைத்திருந்த பெயர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது: ‘என் சிடுமூஞ்சி’.