வெந்நீர்

"காலைக் கொஞ்சம் நீட்டுங்கண்ணே" என்று ஃபெலிக்ஸ் மண் தரையில் மண்டியிட்டபோது, இன்னாசி பதறிக் காலை இழுத்துக்கொண்டார். யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று மூன்று வருஷமாக வேறு பாதையில் நடந்தாரோ, அவன் காலடியில் வெந்நீர் வாளியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, என்னங்க இது! எந்திரிங்க!"

"பேசாம இருங்கண்ணே. சூடு பதமா இருக்கா, அதைச் சொல்லுங்க."

முன்பெல்லாம் "ஏலே இன்னாசி", இன்றைக்கு அண்ணே. பூண்டிக்கு மேலே மலைச் சரிவு முழுக்கக் காட்டேஜ் கட்டி விட்டிருக்கும் முதலாளி அவன். கோயில் பேரவையிலும் அவன் வைத்ததுதான் சட்டம்.

அந்தக் காட்டேஜுக்குத் தடுப்புச் சுவர் எழுப்பும்போதுதான் மண் சரிந்து இன்னாசியின் ஒரே மகன் ரபேல் புதைந்துபோனான். கொட்டும் மழையில் அவனைப் பள்ளத்தில் இறக்கிவிட்டவன் ஃபெலிக்ஸ். போலீஸ் வந்து கேட்டதற்கு, "குடிச்சுட்டு அவனா எறங்குனான்" என்று கூசாமல் சொன்னவனும் அவன்தான்.

ரபேல் பீடிகூடத் தொட்டதில்லை. மகன் செத்ததைத் தாங்கிக்கொண்ட இன்னாசியால் அந்தப் பொய்யைத் தாங்க முடியவில்லை. மனதில் பகையை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்று, பூசையில் எல்லோரும் அந்த நற்கருணை அப்பத்துக்கு வரிசையில் போகும்போது அவர் மட்டும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஃபெலிக்ஸ் தேய்த்தான். கேரட் காட்டுச் சேற்றில் ஊறி ஊறிப் பாளம் பாளமாக வெடித்த குதிகால் அது. விரல் இடுக்கையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தான், நகம் வெட்டினான், வீடு முழுக்க ஆஸ்பத்திரி மாதிரி டெட்டால் வாடை அடித்தது.

ஒரு தடவைகூட அவன் தலையை நிமிர்த்தவில்லை. 'முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, பாவம்' என்று இன்னாசி நினைத்துக்கொண்டார்.

அன்று பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவி, நீங்களும் இப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன நாள். வருஷா வருஷம் எல்லோரும்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு ஈஸ்டர் கறிக்குச் சொல்லிவைக்கப் போய்விடுகிறார்கள். இவன் ஒருத்தன் செய்துவிட்டானே என்று அவருக்குக் கண் கலங்கியது.

ஃபெலிக்ஸ் ஈரத்தைத் துடைத்து, புத்தம் புதிய வெள்ளை சாக்ஸை மாட்டிவிட்டான். "சாயந்திரம் பூசைக்கு ஆயர் வர்றாரு. நீங்க முன்னாடிதான் உக்காரணும். வாசலுக்கே கார் வரும், அதுவரைக்கும் மண்ணுல எறங்கிறாதீங்க."

"சரிங்கய்யா" என்றார் இன்னாசி.

அவன் போனதும் ஃபோனை எடுத்து மெமரி கார்டைக் கழற்றினார். ரபேல் கடைசியாகப் பேசியது அதில்தான் பதிவாகியிருந்தது: "அப்பா, மழை ஊத்துது. எறங்கலன்னா வேலையே கெடையாதுங்குறாரு." குழறலே இல்லாத, தெளிவான குரல். ஈஸ்டர் முடிந்ததும் ரபேல் சாவு வழக்குக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரே சாட்சி அது.

"அதை எதுக்குக் கழட்டுறீங்க?" என்றாள் அவர் மனைவி மதலேன்.

"தெனமும் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு வெறுப்பு ஊறுது. இது இருக்கிற வரைக்கும் மன்னிக்க வராது."

"எம்புள்ள குடிக்கலன்னு ஒத்த வார்த்தை சொன்னானா அவன்?"

"கையால சொல்லிட்டுப் போறான், தெரியலையா? மன்னிச்சேன்னு நானும் வாயால சொன்னா ஆச்சா? செஞ்சு காட்டணும்ல!"

மதலேன் பாய்ந்து வருவதற்குள் கார்டு அடுப்பில் விழுந்தது. சின்னதாக ஒரு நீலச் சுடர் எழும்பி அடங்கியது. அவள் அடுப்படியிலேயே சரிந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னாசியும் அழுதார்; ஆனால் மூன்று வருஷத்துக்கப்புறம் நெஞ்சு லேசாகிவிட்டது.

சாயந்திரம் கோயில் நிரம்பி வழிந்தது. பீடத்துக்கு முன்னால், பன்னிரண்டு சீடர்களின் இடத்தில் உட்காருபவர்களுக்குப் பன்னிரண்டு நாற்காலிகள். கடைசி நாற்காலியில் இன்னாசியை உட்காரவைத்து, ஃபெலிக்ஸே குனிந்து சாக்ஸைக் கழற்றினான்.

ஆயர் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டு வந்தார். துண்டோடு ஃபெலிக்ஸ் கூடவே வந்தான். இன்றைக்கு நன்மை வாங்கலாம் என்ற நினைப்பிலேயே இன்னாசிக்குக் கண் நிறைந்து, எதிரே இருந்ததெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

அவருடைய காலையும் கழுவித் துடைத்துவிட்டு ஆயர் முத்தமிடக் குனிந்தார். வெடித்த குதிகால் முகத்துக்கு நேரே வந்ததும், குனிந்தபடியே தயங்கினார்.

ஃபெலிக்ஸ் அவர் காதருகே போய்ச் சொன்னது இன்னாசிக்கும் நன்றாகவே கேட்டது.

"தைரியமா முத்தம் குடுங்க சாமி, மத்தியானமே டெட்டால் ஊத்தி நானே கழுவிட்டேன்."