நாலு கட்டம் தள்ளி

கிராஃப் தாளில் ஒரு முக்கோணம் இருந்தது. அதன் பக்கங்கள் மூன்று, நான்கு, ஐந்து கட்ட நீளம். மூன்று கட்டப் பக்கம் குட்டையாக இருக்கிறதே என்று அதற்குத் தீராத குறை.

“இந்த இடம் ராசியில்லை. என்னை வலப்பக்கம் நாலு கட்டம் தள்ளி வை” என்று பென்சிலிடம் சொன்னது.

பென்சில் தள்ளி வரைந்தது. ரப்பர் பழைய கோடுகளை அழித்தது. ஸ்கேல் அளந்துவிட்டு, “மூணு, நாலு, அஞ்சு” என்றது.

“அப்போ மேலே போறேன்.”

மேலேயும் அதே அளவு. அச்சைத் தாண்டிக் கீழே இறங்கியது.

“எண்ணெல்லாம் மைனஸ் ஆன இடத்திலும் மூணு மூணுதான்” என்றது ஸ்கேல். “இனிமே என்னைக் கூப்பிடாதே.”

“உனக்கு அளக்கத் தெரியலை” என்ற முக்கோணம் இன்னும் எட்டு இடம் மாறிப் பார்த்தது.

ரப்பருக்கு மூச்சு வாங்கியது. “பதினோரு தடவை அழிச்சாச்சு. இன்னொரு தடவை அழிச்சா நான் இருக்கமாட்டேன். இங்கேயே இருந்துடேன்பா.”

முக்கோணம் அப்போதுதான் ரப்பரைக் கவனித்தது. கட்டைவிரல் பருமனாக இருந்தது, இப்போது மிளகளவு ஆகியிருந்தது.

“நீ மட்டும் எப்படி இவ்வளவு மாறினே?” என்று பொறாமையோடு கேட்டது. “நீ உட்கார்ந்திருக்கிற அந்தக் கட்டத்துக்கே என்னை மாத்தச் சொல்லு.”