இணைக்காத சப்வூஃபர்

யுத்தம் முடிந்த மறுவருடம், மாதா திருவிழாச் சுற்றுப்பிரகாரத்துக்கு முன்னால் பாட்டுப் போட்டுச் செல்வதற்காக வின்சன்ற் தன் வான் வண்டியில் இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கர்களைப் பொருத்தத் தொடங்கினார். ஒன்று புதியது. மற்றது சுனாமிக்குப் பிறகு வாகரைக் கடற்கரை மணலுக்குள் கிடைத்தது. வயர் வேலை அவருக்குப் பழக்கமில்லை. மைத்துனர் ஜசிந்தன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

“முதல்ல வான் பெற்றியக் கழட்டு மச்சான். இல்லாட்டிப் பாட்டு உன்ர செத்த வீட்டிலதான்.”

பிறகு டோர்ச் லைட்டிலிருந்து எடுத்த சின்னப் பெற்றியை ஸ்பீக்கர் வயர்களில் தொட்டுப் பார்த்தார்கள். நடுவிலுள்ள கூம்பு வெளியே தள்ளினால் பிளஸ், மைனஸ் சரி. புதியது ஒருமுறை தள்ளி அடங்கியது. பழையது, பெற்றியை எடுத்த பிறகும், தூங்கும் பிள்ளையின் வயிறு போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“இதத் தூக்கி எறி மச்சான்.”

“மூச்சு விடுறத எப்பிடி எறியிற?” என்றார் வின்சன்ற். அதை அம்ப்ளிஃபயரில் இணைக்காமல் தன் பக்கத்து ஆசனத்தில் வைத்துக்கொண்டார்.

மாலையில் புதியது மட்டும் பாடியது. கடற்கரை வீதிக்குத் திரும்பும் சந்தியில் பழையது படபடவென்று இரைக்கத் தொடங்கியது. வின்சன்ற் வானை வாவிக்கரைப் பக்கம் திருப்பினார். மாதா சொரூபமும் சனங்களும் பின்னால் வந்தார்கள். இரைப்பு மெல்ல ஆறியது.

பாதர் ஜன்னலருகே ஓடிவந்தார். “எப்பவும் கடற்கரையாலதானே போறது வின்சன்ற்?”

“அங்கால போக ஒராளுக்குப் பயம் பாதர்.”

பாதர் ஆசனத்தை எட்டிப் பார்த்தார். கூம்பு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“பாட்டக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க,” என்றார்.