ஜோடிக் கார்டு

“அந்தக் காசைக் கிழிச்சுப் போட்டிருந்தா, கிழிச்ச சுகமாவது மிஞ்சியிருக்கும். மூணு மாசமா காபிக் கார்டுக்குப் பணம் கட்டி என்னத்தைக் கண்டோம்?”

லிஃப்ட் மெக்கானிக் ஷூவைக் கூடக் கழற்றாமல் கத்தினான்.

மனைவி எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். யோசனை அவளுடையது.

தெருமுனைக் காபிக் கடையில் ‘ஜோடிக் கார்டு’ என்று ஒன்று விற்கிறார்கள். மாதம் பிறக்கும்போதே முப்பது காபிக்குப் பணம் கட்டிவிட வேண்டும். இரண்டு பேராக வந்தால்தான் கார்டு செல்லும், இரண்டாவது கோப்பை இலவசம். ஒரு நாள் போகவில்லையா, அன்றைய காபி அம்போ!

அந்தக் கார்டை அவள் தன் அம்மாவுக்கும் மாமியாருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருந்தாள்.

இருவருக்கும் கல்யாண நாளிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. குரூப் போட்டோவில் மாமியாரின் தலை அம்மாவை மறைத்துவிட்டதாம். வேண்டுமென்றே மறைத்தார் என்பது அம்மாவின் கட்சி. ‘அவங்க குள்ளமாப் பொறந்ததுக்கு நானா பொறுப்பு?’ என்பது மாமியாரின் கட்சி. நாலு வருஷமாக அம்மா இந்த வீட்டுக்கு வந்தால், மாமியார் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்.

ஆனால் சிக்கனத்தில் இருவரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பில் ஒட்டுகிற ரகம். காசு கட்டின காபியை வீணாக விடுவார்களா?

விடவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத் தவறாமல் போனார்கள். திரும்பி வந்து பேசியதுதான் வேறு மாதிரி இருந்தது.

“அந்தம்மாகூட உக்காந்து காபி குடிக்கறதும் ஒண்ணு, பல்லைப் பிடுங்கிக்கறதும் ஒண்ணு” என்பார் மாமியார்.

“உன் மாமியார் காபி உறிஞ்சற சத்தத்துல என் காதே போச்சுடி” என்று போனில் புலம்புவாள் அம்மா.

“குழந்தை பொறக்கும்போது எனக்கு ரெண்டு பேரும் பக்கத்துல வேணுங்க. யாரை வராதேன்னு சொல்றது?” மனைவியின் கண் கலங்கிவிட்டது.

“அவங்களைச் சேத்து வைக்க ஆண்டவனாலயே ஆகலை, காபியாலயா ஆகும்? எழுந்திரு, கார்டை நிறுத்திட்டு வந்துடலாம்.”

கடையில் கல்லாப் பெண்ணிடம் கார்டு எண்ணைச் சொல்லி நிறுத்தச் சொன்னதும் அவள் பதறிப்போனாள்.

“ஐயோ, ஏன் சார்? அந்த ரெண்டு அம்மாவும் வரலைன்னா கடையே களையில்லாம போயிடுமே! அதோ, தூணுக்குப் பின்னாடிதான் இருக்காங்க.”

களையா? கணவனும் மனைவியும் சத்தமில்லாமல் தூணுக்கு இந்தப் பக்கம் போய் நின்றார்கள்.

“போட்டோவுல நீங்க மறைச்சதே நல்லதாப் போச்சு சம்பந்தி. அன்னிக்கு அழுது அழுது என் மூஞ்சி பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு.” அம்மாவின் குரல்தான்.

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிச் சிரித்து மகனே பார்த்ததில்லை.

“சரி, விஷயத்துக்கு வாங்க. ராத்திரியில குழந்தை அழுதா நான் எழுந்துக்கறேன். எனக்கு எப்படியும் தூக்கம் கிடையாது. பகல்ல நீங்க பாத்துக்குங்க” என்றார் மாமியார்.

“அதான் போன வாரமே பேசி முடிச்சாச்சே. நேத்து வீட்டுல போய் என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?”

“நிம்மதியா ஒரு வாய் குடிக்க விடலைன்னு சொன்னேன்.”

“இன்னிக்கு வேற ஏதாவது சொல்லுங்க. ஒரே பாட்டைப் பாடினா சந்தேகம் வந்துடும்.”

“மூஞ்சியைக் கூடப் பாக்கலைன்னு சொல்லிடறேன். சமாதானம் ஆயிட்டோம்னு தெரிஞ்சா, வீட்டுலயே உக்காந்து பேசிக்கோங்கன்னு கார்டை நிறுத்திடுவாங்க சம்பந்தி. இந்த ஒரு மணி நேரத்தை விட்டா நமக்குன்னு வேற என்ன இருக்கு?”

லிஃப்ட் மெக்கானிக் ஒரு அடி முன்னால் வைத்தான். மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. இழுத்த இழுப்பில் நேராகக் கல்லாவுக்கே கொண்டுபோய்விட்டாள்.

ஐந்து மணி தாண்டி மாமியார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

“இன்னிக்கு அந்தம்மா என் மூஞ்சியைக் கூடப் பாக்கலை. கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க.”

“பாவம்மா நீ. இனிமே போகவே வேணாம், கார்டை நிறுத்திடறேன்” என்றான் மகன்.

“நிறுத்தறதா?” மாமியாரின் குரல் எகிறியது. “டேய், சொந்தம்னா நாலையும் சகிச்சுத்தான் போகணும். என்னால பொறுத்துக்க முடியாதா என்ன?”

“அப்படின்னா இன்னும் ஆறு மாசம் பொறுத்துக்குங்க அத்தை. இப்பதான் மொத்தமாக் கட்டிட்டு வந்தோம்” என்றாள் மருமகள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

“ஆறு மாசமா? எல்லாம் என் தலையெழுத்து!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டு மாமியார் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார்.

அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து போனில் கிசுகிசுக்கிற குரல் கேட்டது.

“சம்பந்தி... ஆறு மாசம்!”