கக்கத்து ரொட்டி

வெண்டெல் தன் கக்கத்திலிருந்து ரொட்டித் துண்டை வெளியே எடுத்தான். ஆட்டுப்பட்டி முன்னால் கூடியிருந்த மேய்ப்பர்கள் தொப்பியைக் கழற்றாததுதான் குறை.

கக்கத்து வியர்வையில் ஊறிய ரொட்டியைப் புது நாய்க்கு ஊட்டினால், சாகும்வரை அது அந்த வியர்வைக்குத்தான் கட்டுப்படும். ஹோர்த்தோபாஜ் புல்வெளியில் இது வேதவாக்கு.

நாய் அப்போதுதான் டெப்ரெசென் நகரத்து நாய்க் காப்பக வண்டியிலிருந்து இறங்கியிருந்தது. கொமொண்டோர் என்ற ஆட்டுக்காவல் இனத்துக் குட்டி. வெள்ளை முடி இப்போதுதான் சடை பிடிக்கிறது. அடுக்குமாடியில் ஆசையாக வளர்த்தவர்களுக்கு, அது கன்றுக்குட்டி அளவு வளர்ந்ததும் ஆசை தீர்ந்துவிட்டதாம்.

வேலியோரம் நின்ற எடெல்கா, குட்டி தன் புருஷனுக்குப் பணிய வேண்டுமே என்று எல்லாப் புனிதர்களையும் வேண்டிக்கொண்டாள்.

இதற்கு முன்பிருந்த நாய் ஓடிப்போனபோது வெண்டெல் அதை அடிக்கவில்லை. அது கைக்கு எட்டவில்லை. எடெல்கா எட்டினாள்.

ஈஸ்டருக்கு வீங்கிய கண்ணோடு கோயிலுக்குப் போனாள். படியில் விழுந்ததாகச் சொன்னாள், ஊரே நம்பியது. அவர்கள் வீட்டில் படியே கிடையாது.

குட்டி ரொட்டியைத் தின்றது. வெண்டெலின் கையை மோந்து பார்த்தது. பிறகு அவனைத் தாண்டி நடந்து, எடெல்காவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வெண்டெல் விசில் அடித்தான். அது காதைக்கூட அசைக்கவில்லை.

"பட்டணத்து நாயாச்சேப்பா, நம்ம ஊர் வழக்கமெல்லாம் அதுக்கு எங்க தெரியப் போகுது!" என்றான் பக்கத்துப் பட்டி மென்யேர்த். எல்லோரும் சிரித்தார்கள்.

வெண்டெலின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. நேராக எடெல்காவிடம் வந்து கையை ஓங்கினான்.

குட்டி எழுந்து நடுவில் நின்றது. குரைக்கவில்லை. சடைக்குள்ளிருந்து பல் மட்டும் தெரிந்தது.

ஓங்கிய கையைச் சும்மா இறக்க மனமில்லாமல், அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

எடெல்காவுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. சிரிப்பே ஜெயித்தது.

அன்று காலையில் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு மதுக்கடைக்குக் கிளம்பும்போது, சட்டை நாறும் என்று ரொட்டியை அவள்மேல் எறிந்தவன் அவன்தான். வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் வந்து வாங்கிச் செருகிக்கொண்டான்.

"உன் கக்கத்துல வெச்சுக்கடி, அப்புறமா வாங்கிக்கறேன்" என்று சொல்லித்தான் எறிந்திருந்தான்.

எடெல்கா என்றைக்கும் புருஷன் சொல்லைத் தட்டியதில்லை. ஆடு கறந்தபோதும், பட்டி கூட்டியபோதும், வேர்க்க வேர்க்க வைத்திருந்தாள்.